பச்சைத் துண்டுக்கு ஒரு சீட்

தினகரனைக் காணவில்லை என்று காவாந்தண்டலத்தில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஊர் நடுவில், டீக்கடைக்குப் பக்கத்தில், பனைமர உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தான் அவன்.

ஃப்ளெக்ஸ் பேனரில்.

பட்டாள உடுப்பு. கையில் துப்பாக்கி. தலைக்கு மேலே தேசியக் கொடி. காலுக்குக் கீழே, பேனருக்குக் காசு போட்டவர்களின் முகங்கள் வரிசையாக. 'எல்லை காக்கப் புறப்படும் மண்ணின் மைந்தனே, வென்று வா!' சண்டைக்குப் போகிறவன் ஒருத்தன், பல்லைக் காட்டுகிறவர்கள் பத்துப் பேர்.

"காணாமப்போன ஆளுக்கு ஃபோட்டோ கேட்டு வாங்கணுமேன்னு நெனச்சேன் சார். இவங்க இன்னாடான்னா லாரியில ஏத்தற சைசுல வெச்சிகினு கீறாங்க" என்றாள் ஷீபா.

பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். 'எங்கே ஏறினே?' என்று கேட்டால் உண்மை சொல்லுகிற மனுஷனை அந்த முப்பது வருஷத்தில் அவர் பார்த்ததில்லை. கால் முட்டி போனதும் பையைக் கழற்றி வைத்துவிட்டு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிக்கொண்டார். மொபைல் ரீசார்ஜ் கடை வைத்து நஷ்டப்பட்டு மூடிய ஷீபா அவருக்கு உதவியாள். கடையை மூடினாளே தவிர வாயை மூடவில்லை.

பேனருக்கு எதிர் வீடுதான் தினகரனுடையது. அவன் மனைவி கல்பனா வாசலிலேயே நின்றாள். கையில் போன். கண் வீங்கியிருந்தது.

"உள்ள வாங்க சார். மெதுவாப் பேசுங்க. பக்கத்து வூட்ல காது வெச்சிகினு கீறாங்க."

உள்ளே போனதும் அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். லீவில் வந்திருந்தவனை, வடக்கே சண்டை மூண்டதும் உடனே திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் ஊரே திரண்டு மாலை போட்டு, பறை அடித்து அனுப்பிவைத்தது. அவன் அப்பா கன்னியப்பன் டி.வி.எஸ். வண்டியில் பெட்டியோடு அவனை ஏற்றிக்கொண்டு பழையசீவரம் ஸ்டேஷனுக்குப் போனார். அதற்குப் பிறகு அவன் போன் ஆஃப்.

"நேத்து ராத்திரி அவுங்க ஆபீஸ்லர்ந்து போன் வந்துச்சு சார். ஆளு இன்னும் வரலியேங்கறாங்க. ரயிலெல்லாம் லேட்டுன்னு எங்களுக்கும் தெரியும்மா, இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள சென்ட்ரல் ஸ்டேஷன்ல எங்க மிலிட்டரி கவுண்டர்ல வந்து நிக்கச் சொல்லு, ரயில் லேட்டுன்னு எழுதிக்கறோம்னாங்க. வரலைன்னா..." போனை முந்தானையில் துடைத்தாள். "ஓடிப்போனவன்னு எழுதிடுவாங்களாம். போலீஸ் வூட்டுக்கு வருமாம். அந்த பேனருக்குக் கீயதான சார் வரும்?"

"உம் புருஷன் கையில இன்னா இன்னா எடுத்துக்கினு போனான்?"

"பொட்டி. தோளுல ஒரு பச்சைத் துண்டு. நான்தான் புதுசா வாங்கியாந்தேன். கண்ணு படாம ஓரத்துல கருப்பு நூல் முடிஞ்சுவுட்டேன்."

கன்னியப்பன் பின்கட்டிலிருந்து வந்தார். ஒட்டிய கன்னம், வெயிலில் கறுத்த தோள். வந்தவர்களைப் பார்த்ததும் அவர் பார்வை மருமகளிடம் போய்த் திரும்பியது. பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"இவுங்கள எதுக்கும்மா கூப்ட்ட? அவன் போயிருப்பான். ரயில் எங்கியாச்சும் நின்னுகினு கீதோ இன்னாவோ."

"நீங்கதான் ஏத்தி உட்டீங்களா?" என்றார் பாண்டுரங்கன்.

"ஏத்தி உட்டது இன்னா, கூடவே செங்கல்பட்டு வரைக்கும் போனேன். செம கும்பல். எங்களுக்கு எதிர்ல மிலிட்டரி வண்டி வருதுன்னு நடுவுல நிறுத்திட்டான். பீரங்கி பீரங்கியாப் போச்சு சார். மூஞ்சிக்கு மட்டும் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி வெச்சிருந்தான். அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்தே புடிச்சிக்கிச்சு. ஒண்ணு போனா ஒண்ணு, ஒண்ணு போனா ஒண்ணு..." சொல்லிக்கொண்டே வந்தவருக்குக் குரல் கீழே இறங்கிவிட்டது. "அப்புறம் செங்கல்பட்டுல அவனை மெட்ராஸ் பீச் வண்டி மாத்தி உட்டுட்டு வந்துட்டேன்."

"சரி" என்றார் பாண்டுரங்கன். எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் ஷீபா கேட்டாள். "அவ்ளோதானா சார்? ஒரு கேள்விதான் கேட்டீங்க. வேற எங்கியாச்சும் செட்டப்பு கிட்டப்பு கீதான்னு கேட்டிருக்கலாம்ல?"

"ஃப்ளெக்ஸ்ல கீறவனுக்கு எவ எடம் குடுப்பா? தாலுகா பூரா மூஞ்சி தெரியும். வா, ஸ்டேஷனுக்குப் போவலாம்."

*

பழையசீவரம் ஸ்டேஷன் சின்னது. அன்றைக்கு அதன் மேல் ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது.

போர் என்று டி.வி.யில் கத்துகிறவர்கள் யாரும் பாசஞ்சர் வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. எக்ஸ்பிரஸ் பாதி ரத்து. அதில் போகவேண்டிய கூட்டம் எல்லாம் பாசஞ்சரில். பாசஞ்சரோ மிலிட்டரி வண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டு வருவதற்குள் காலை மத்தியானமாகிவிடும். கம்பெனிக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், வடக்கே வேலைக்குத் திரும்புகிறவர்கள், எவனுக்கும் பதில் சொல்ல ஆள் இல்லை. நேற்றைய வண்டியில் ஏற முடியாதவர்கள் பிளாட்பாரத்திலேயே தூங்கி எழுந்து, குழாயில் குளித்து, கம்பி வேலியில் துணி காயப்போட்டிருந்தார்கள்.

"வண்டி சற்றுத் தாமதமாக வரும்" என்றது ஒலிபெருக்கி.

"சற்றுன்னா எத்தினி நாளு சார்?" என்றாள் ஷீபா. வெயில் மண்டையைப் பிளந்தது. உர மூட்டைச் சாக்கு போர்த்திய ஒரு பெட்டியின் மேல், கட்டம்போட்ட லுங்கியால் தலையோடு போர்த்திக்கொண்டு ஒருவன் குந்தியிருந்தான். கொஞ்சம் வேப்பமர நிழல் அங்கேதான் இருந்தது. "யண்ணா, கொஞ்சம் தள்ளிக்கோ. உன் பொட்டியத் தின்னுட மாட்டேன்."

அவன் தள்ளிக்கொண்டான். ஷீபா பெட்டி ஓரத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை ஆட்டினாள்.

பாண்டுரங்கன் உட்காரவில்லை. கூட்டத்தில் எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று தேடுகிற பழைய பார்வையோடு ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு கழுத்தில் நின்றார். நடுத்தர வயசு ஆள், கம்பெனி நீலச் சட்டை, கழுத்தில் பச்சைத் துண்டு. துண்டின் ஓரத்தில் கருப்பு நூல் முடிச்சு.

"துண்டு நல்லா கீதே. எங்க வாங்கின?"

அந்த ஆள் துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டான். "இது என்னுது இல்ல. உன்னுதா?"

"எனக்குத் தெரிஞ்ச பையன்து."

"அப்பாடா!" என்றான் அவன். பேர் முனிரத்தினம். சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வாலாஜாபாத்தில் ஏறுகிறவன், அங்கே ஏற முடியாததால் இரண்டு நாளாக இங்கே வந்து முட்டிக்கொண்டிருக்கிறான். "எவனாச்சும் வந்து கேப்பான்னு தெனிக்கும் போட்டுக்கினு வரேன். திங்கக்கிழம நான் ஜன்னலோரம் ஒக்காந்திருந்தேன் சார். வண்டி இங்க நிக்கறதுக்கு முன்னாடியே கம்பி சந்துல இந்தத் துண்டு வந்து எம்பக்கத்து சீட்டுல உழுந்துச்சு. 'அண்ணே, பட்டாளத்துக்குப் போறேன், எடம் பாத்துக்கோங்க'ன்னு ஒரு சத்தம். மூஞ்சியப் பாக்கல. கை மட்டும்தான் பாத்தேன்."

"ஆளு வந்தானா?"

"வரல. வாசப்படியில நசுங்கிட்டானோ, வேற பொட்டியில தொங்கிக்கினு போனானோ. ஆனா நான் சீட்ட உட்டுக்குடுக்கல சார். செங்கல்பட்டு வரைக்கும் நான் வாங்காத திட்டு இல்ல. ஒரு பொம்பள கைக்குழந்தையோட நின்னுச்சு. குழந்தைய வாங்கி எம் மடியில வெச்சிக்கினேன், துண்டுமேல மட்டும் ஒக்கார உடல. அந்தம்மா எங்க வம்சத்தையே திட்டிச்சு. சண்டைக்குப் போறவன் நின்னுகினா சார் போவான்?"

ஷீபாவுக்குக் கீழே பெட்டி அசைந்தது. "யண்ணா, ஆட்டாத. உழுந்துடப் போறேன்."

"வழியில வண்டிய நிறுத்தினாங்களாமே?" என்றார் பாண்டுரங்கன். "பீரங்கியெல்லாம் போச்சாமே. பாத்தியா?"

"எங்க பாக்கறது! பாலூர் ஸ்டேஷன்ல ஓரங்கட்டிட்டாங்க. ரயில்வே போலீஸ் ஏறி அத்தினி ஷட்டரையும் இறக்கச் சொல்லிட்டான். எவனாச்சும் செல்லுல படம் புடிச்சி அனுப்பிடுவானாம். வாசப்படியில நின்னவன எல்லாம் உள்ள பாத்துத் திரும்பி நிக்க வெச்சிட்டான். குருட்டு இருட்டு சார். புழுக்கத்துல ரெண்டு பேரு மயக்கம் போட்டு உழுந்தாங்க. வெளிய பீரங்கி போச்சா மாட்டு வண்டி போச்சான்னு எந்த நாயிக்குத் தெரியும்? சத்தம்தான் கேட்டுது."

பாண்டுரங்கன் தலையை ஆட்டினார். அப்படியே திரும்பி நடந்தார். ஷீபா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"சார், எல்லாருக்கும் ஷட்டர எறக்கிட்டு, பெரியவருக்கு மட்டும் ஓட்ட போட்டுக் காட்டினாங்களா?"

"அதான் கேக்கறேன்."

"அப்ப கத உட்டுருக்காரு. பீரங்கியும் கிடையாது, தார்ப்பாயும் கிடையாது."

"இல்ல ஷீபா. பாத்தேன்னு சொன்னது நெசம். சொல்லச் சொல்ல அந்த ஆளு கொரலு எறங்கிச்சு பாரு, அது பாக்காதவன் கொரலு இல்ல. ரயில்ல கூடப் போனேன்னு சொன்னதுதான் பொய்." முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். "இன்னா சொன்னான்? அண்ணாந்து பாத்து கழுத்து புடிச்சிக்கிச்சுன்னான். ரயிலுக்குள்ள ஒக்காந்தவன் எதிர் ரயில நேருக்கு நேரு பாப்பான். அண்ணாந்து பாக்கறவன் எங்க நிப்பான்?"

"தரையில."

"தரையில நின்னு ரயில் போறத முழுசாப் பாத்தவன்?"

"ரயில்வே கேட்டாண்ட!" என்றாள் ஷீபா.

*

கேட் மூடிக் கிடந்தது. அந்த வாரம் அது திறந்திருந்த நேரம் குறைவு. இரண்டு பக்கமும் லாரியும் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் நின்று கொதித்தன. அந்தக் கூட்டத்தில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் நுங்கு விற்கிற அம்முலு.

"அம்மாவுக்கு சண்டையில நல்ல யாவாரம்" என்றாள் ஷீபா.

"வாய்ல அடிச்சிக்கோ. எங்கக்கா பையனும் அங்கதான் கீறான்" என்று அம்முலு கத்தியை ஓங்கினாள். பிறகு ஒரு நுங்கைச் சீவி நீட்டினாள். ஷீபா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பாண்டுரங்கன் கேட்டார். "திங்கக்கிழம பீரங்கி வண்டி போச்சே, அப்ப டி.வி.எஸ்.ல ஒரு பெரியவரு இங்க நின்னாரா? ஒட்டின கன்னம்."

"அந்த ஆளா? மறக்க முடியுமா? ஸ்டேஷன் பக்கத்துலர்ந்து வந்தாரு. பாலத்தத் தாண்டி வூட்டுக்குப் போறவரு மாதிரிதான் நின்னாரு. வண்டி வந்துச்சு. எல்லாரும் ஜே போட்டாங்க, கையத் தட்டினாங்க. இவரு மட்டும் அண்ணாந்து பாத்துகினே டி.வி.எஸ்.ஸ உட்டுட்டாரு. அது பாட்டுக்குக் கீய சாஞ்சு பெட்ரோல் கொட்டுது, அவருக்குத் தெரியல. நான்தான் போயி நிமுத்தினேன்."

"அப்புறம்?"

"கேட்டத் தொறந்தான். அத்தினி பேரும் பாலத்துப் பக்கம் பறந்தாங்க. இவரு என்னாண்ட வந்து, நுங்கு குடும்மா, எம் பையனுக்குப் புடிக்கும்னாரு. வாங்கிக்கினு வந்த வழியே வண்டியத் திருப்பிட்டாரு. அதுலர்ந்து தெனிக்கும் வராரு. இப்பகூடதான், நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி வாங்கினு போனாரு."

"எந்தப் பக்கம்?"

அம்முலு கத்தியால் காட்டினாள். ஸ்டேஷன் பக்கம்.

ஷீபாவுக்குப் புரியவில்லை. "ஸ்டேஷன்ல இன்னா சார் கீது? ஒரு ரூமு, ஒரு வேப்பமரம், ஒரு தண்ணிக் குழா. ஆள ஒளிச்சி வெக்க எடம் ஏது?"

"எங்க பஸ்ல ஒருத்தன் வருவான். டிக்கெட் எடுக்க மாட்டான். ஒளியவும் மாட்டான். கும்பலு எங்க ஜாஸ்தியோ அங்க நடுவுல நின்னுக்குவான். ஒளிஞ்சாதான் தேடுவோம்." பாண்டுரங்கன் திரும்பி நடக்க ஆரம்பித்தார். "ரயிலு நேரத்துக்கு வர்ற காலத்துல ஸ்டேஷன்ல ஒருத்தன் பொழுதுக்கும் ஒக்காந்திருந்தா எவனாச்சும் கேப்பான். ரயிலே வராத ஸ்டேஷன்ல, பொட்டிமேல குந்திகினு கீறவன எவன் கேப்பான்?"

ஷீபா நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார்... பொட்டி..."

"ஆமா."

"நான் ஒக்காந்தேனே சார் அது மேல!"

*

கன்னியப்பன் வேப்பமரத்தடியில் குந்தி, கட்டைவிரலால் நுங்கைத் தோண்டி லுங்கி போர்த்தியவனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அவன் வாங்கவில்லை. பாண்டுரங்கன் குனிந்து பெட்டியின் மேலிருந்த சாக்கை ஒரே இழுப்பாக இழுத்தார். கறுப்புத் தகரப் பெட்டி. முன்பக்கத்தில் வெள்ளை பெயிண்டில் நம்பரும் பேரும்.

லுங்கி இறங்கியது. பேனரில் இருந்த அதே முகம். தாடி முளைத்து, கண் உள்ளே போய், பத்து வயசு கூடிப்போயிருந்தது.

கன்னியப்பன் நுங்குத் தண்ணீர் வடியும் கையோடு எழுந்து கும்பிட்டார். "எம்மேலதான் சார் தப்பு. அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

"வூட்டுக்காவது இட்டுக்கினு போயிருக்கலாமே" என்றார் பாண்டுரங்கன்.

"எப்படிப் போறது? அவங்கம்மா ஆலம் சுத்திப் பொட்டு வெச்சி அனுப்பினா. அப்படிப் போன ஆளு பாதியில திரும்பி வாசப்படி மிதிக்கக் கூடாது சார் எங்க வூட்ல. எங்க அண்ணன் ஒருத்தன் அப்படித் திரும்பி வந்தான், அந்த வருஷமே போயிட்டான். அதுவும் போவட்டும். பறை அடிச்சி, மாலை போட்டு அனுப்பினவங்களாண்ட வந்து, ரயில்ல எடம் இல்லன்னு சொல்ல முடியுமா? இவன் மூஞ்சிக்குக் கீயவே இவன் நடந்து வரணுமே."

"எடம் இல்லைன்னா செங்கல்பட்டுக்கு பஸ் ஓடுது."

கன்னியப்பன் வாயைத் திறந்தார். மகன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"ஓடுது சார்" என்றான் தினகரன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான். "மொத நாளு ரயிலு என்ன ஏத்தல. துண்ட உள்ள போட்டுட்டு வாசப்படிக்கு ஓடினேன். பொட்டியோட ரெண்டு வாட்டி ஏறினேன், ரெண்டு வாட்டியும் பிதுக்கி வெளிய தள்ளிட்டாங்க. அது நெசம். ரெண்டாவது நாளு..." பெட்டியின் தாழ்ப்பாளை விரலால் நெருடினான். "ரெண்டாவது நாளு நான் ஏறல."

"நான்தான் சார் வாணாம்னேன்!" என்றார் கன்னியப்பன். "அடுத்த வண்டியில ஏறுடான்னு சொல்லிட்டுக் கெளம்பினவன், கேட்டாண்ட அதுங்களப் பாத்தேன். அம்மாம் பெரிசு. அதுக்கு எதிர்லயும் அதே மாதிரி நிக்கும்தானே? இவன் ஒடம்பு எம்மாம்? திரும்பி வந்து, வாணாம்டா, இங்கயே ஒக்காருன்னு கையப் புடிச்சிக்கினேன்."

"நீ புடிச்ச நைனா. நான் ஒதறலியே" என்றான் மகன்.

பேடி ஒருவனைப் பிடிக்கப்போகிறோம் என்று நினைத்து வந்தவள் ஷீபா. இங்கே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தால் எந்தப் பேரும் பொருந்தவில்லை.

"இன்னும் இன்னாத்துக்கு ஒக்காந்திருக்க? போலாம்ல?" என்றார் பாண்டுரங்கன்.

"போயி? இந்நேரம் ஓடிப்போனவன்னு எழுதியிருப்பாங்க சார். போனாலும் புடிச்சி உள்ள போடுவாங்க, வூட்டுக்குப் போனாலும் புடிப்பாங்க. அதான் ஒக்காந்துகினு கீறேன்."

"இன்னும் எழுதல."

தினகரன் தலையைத் தூக்கினான்.

"நேத்து உம் பொண்டாட்டிக்குப் போன் வந்துச்சு. நீதான் போன அணைச்சி வெச்சிகினு கீறியே, உனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள சென்ட்ரல்ல நீ போயி நின்னா, ரயில் லேட்டுன்னு எழுதிக்குவாங்களாம். அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுகினு கீது. நான் போயி அதாண்ட இன்னா சொல்லட்டும்?"

அவன் கண் மட்டும் பாண்டுரங்கனைத் தாண்டிப் போயிற்று. அங்கே நீலச் சட்டை முனிரத்தினம், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பச்சைத் துண்டின் ஓரத்தைத் திருகியபடி நின்றான்.

"அண்ணே" என்றான் தினகரன். "அந்தக் கொயந்தய நீங்க மடியில வெச்சிக்கினீங்களே. அழுதுச்சா?"

"கேட்டுகினா இருந்த?"

"லுங்கிய மூஞ்சிக்குத்தான் போட முடிஞ்சுது. காதுக்குப் போட முடியல."

முனிரத்தினத்துக்குக் கோபம்தான் வந்தது. "அழுவாம இன்னா பண்ணும்? இருட்டுல, அந்தப் புழுக்கத்துல? பக்கத்துல சீட்டு காலியா கீது, அதும்மேல துண்டு கீது, ஆளு இல்ல!" துண்டைக் கழுத்திலிருந்து உருவினான். எறிந்துவிடுவான் என்றுதான் தோன்றியது. எறியவில்லை. சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டான். "இப்ப வண்டி வந்தா மறுபடி போடறேன். இந்தத் தடவ நீ வரலைன்னா கொயந்தைக்காரி எவ வந்தாலும் எழுந்து குடுத்துடுவேன், ஆமா."

ஒலிபெருக்கி கரகரத்தது. பிளாட்பாரமே எழுந்து நின்றது.

*

வண்டி வந்த லட்சணத்தைப் பார்த்து ஷீபா, "உள்ள காத்துகூட டிக்கெட் எடுத்துக்கினுதான் போவணும் போலகீதே" என்றாள். ஜன்னல் கம்பியெல்லாம் விரல்கள். வாசற்படியெல்லாம் முதுகுகள்.

நிற்பதற்கு முன்னாலேயே முனிரத்தினம் கூடவே ஓடி ஒரு ஜன்னலுக்குள் பச்சைத் துண்டை வீசினான். "மிலிட்டரி சீட்டு! மிலிட்டரி சீட்டு! எவன் ஒக்காந்தாலும் ஒத!" என்று கத்திக்கொண்டே வாசற்படியில் தலையைக் கொடுத்து உள்ளே புகுந்துவிட்டான்.

தினகரன் எழுந்தான். பெட்டியைத் தொட்டான். நின்றுவிட்டான்.

யாரும் அவனைத் தள்ளவில்லை. பாண்டுரங்கன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறப்போகிறவன் யார், சும்மா நிற்கிறவன் யார் என்று பாதத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறவர். இந்தப் பாதத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடியவில்லை.

பெட்டியைத் தூக்கியது கன்னியப்பன். தலையில் வைத்தார். "வாடா" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். பெட்டியை முன்னால் கொடுத்து வாசற்படிக் கூட்டத்தை இடித்தார். "நவுருங்கய்யா! எம் பையன் சண்டைக்குப் போறான்! நவுருங்க!" ஒரு முதுகு விலகியது. இன்னொரு முதுகு விலகியது. யாரோ கை நீட்டிப் பெட்டியை வாங்கினார்கள்.

தினகரன் போனான். படியில் கால் வைத்தான். பிதுங்கினான். கன்னியப்பன் தோளைக் கொடுத்து மகன் முதுகில் முட்டினார். பின்னால் இருந்த கூட்டம் அவர் முதுகில் முட்டியது. மகன் உள்ளே போனான். நிறுத்துவதற்கு இடம் இல்லாமல் அப்பாவும் உள்ளே போனார்.

"சார், பெரியவரும் போயிட்டாரு!" என்று கத்தினாள் ஷீபா. "யோவ், எறங்குய்யா! உன் டி.வி.எஸ். இங்க கீது!"

உள்ளே எங்கிருந்தோ கன்னியப்பன் கை ஒன்று மேலே வந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. வண்டி நகர்ந்தது.

நகர்ந்து, பிளாட்பாரத்தைத் தாண்டி, சிக்னலில் மறுபடி நின்றது. சிவப்பு. எதிரே இன்னொரு மிலிட்டரி வண்டி வருகிறது போலும். தூரத்தில் காக்கிச் சட்டைகள் பெட்டி பெட்டியாக ஓடின. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"அந்தப் பக்கமா எறங்கிட்டான்னா?" என்றாள் ஷீபா மெதுவாக.

பாண்டுரங்கன் முட்டி வலியோடு தண்டவாளம் தாண்டிப் போய், வண்டியின் இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டார். யாரையும் நம்பிப் பழக்கமில்லை அவருக்கு. வெயில் ஏறியது. மிலிட்டரி வண்டி எதிர்த் தண்டவாளத்தில் நிலம் அதிரக் கடந்து போயிற்று. தார்ப்பாய் போட்ட பீரங்கிகளை அவரும் அண்ணாந்து பார்த்தார். கன்னியப்பன் கையிலிருந்து டி.வி.எஸ். ஏன் நழுவியது என்று தெரிந்தது. உடனே பார்வையை பாசஞ்சரின் படிகளுக்குத் திருப்பினார்.

பச்சை விழுந்தது. ஷட்டர் இறங்கிய வண்டி கிளம்பிற்று. ஒருவரும் இறங்கவில்லை. கடைசிப் பெட்டி வளைவில் மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

ஷீபாவின் போன் அடித்தது. கல்பனா.

"சார், அந்தப் பொண்ணு. இன்னா சொல்லட்டும்? மாமனார் பொய் சொன்னாருன்னு சொல்லிடட்டுமா?"

பாண்டுரங்கன் கீழே கிடந்த உரச் சாக்கை எடுத்து உதறினார். முப்பது வருஷமாகப் பொய் சொன்னவர்களை எல்லாம் பாதி வழியில் இறக்கிவிட்டவர் அவர்.

"உம் மாமனார் கூடவே செங்கல்பட்டு வரைக்கும் போயி ஏத்தி உடறாருன்னு சொல்லு. அவரு சொன்னது அத்தினியும் நெசம்" என்றார். "கொஞ்சம் லேட்டு. அவ்ளோதான்."

கன்னியப்பனின் டி.வி.எஸ்.ஸைத் தள்ளிக்கொண்டு அவர் கேட் பக்கம் நடந்தார். கேட் இன்னும் மூடித்தான் இருந்தது.